தலை திரும்பவில்லை என்றால்: 36ஆவது வாரத்தில் கேட்க வேண்டிய கேள்வி

ஏழாம் மாத ஸ்கேன் அறிக்கையில் 'பிரீச்', அதாவது வயிற்றில் குழந்தையின் பிட்டம் கீழே, என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அன்றிரவே சிசேரியனுக்குப் பணம் புரட்டத் தொடங்கும் குடும்பங்கள் உண்டு. அந்த அவசரம் தேவையில்லை. 28ஆவது வாரத்தில் நான்கைந்து குழந்தைகளில் ஒன்று தலை மேலேயும் பிட்டம் கீழேயுமாகத்தான் இருக்கும். குழந்தை சிறியது, பனிக்குட நீர் தாராளமாக இருக்கிறது, புரள இடமும் இருக்கிறது. காலையில் ஒரு நிலை, மாலையில் வேறு நிலை. வளர வளர இடம் குறையும்போது பெரும்பாலான குழந்தைகள் தலையைக் கீழே கொண்டுவந்து நிலைகொண்டுவிடும். பிரசவத் தேதியை நெருங்கும்போது 100 குழந்தைகளில் மூன்று அல்லது நான்குதான் பிட்டம் கீழாக இருக்கும்.

36 வாரம் ஆகியும் தலை மேலேயே இருந்தால்தான் உட்கார்ந்து பேச வேண்டும். அதன் பிறகும் தானாகத் திரும்பும் குழந்தைகள் உண்டு. ஆனால் முதல் பிரசவத்தில் அந்த வாய்ப்பு 100க்கு எட்டு அளவில்தான். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போதே எங்களுக்கு ஓரளவு தெரிந்துவிடும். மேல் வயிற்றில் உருண்டையாக, கெட்டியாக, கையால் தட்டினால் ஆடும் தலை. தொப்புளுக்கு மேலே கேட்கும் இதயத் துடிப்பு. கர்ப்பிணிகளும் சரியாகவே சொல்வார்கள்: "விலாவுக்கு அடியில் ஏதோ கல் போல அழுத்துகிறது டாக்டர், உதையெல்லாம் மூத்திரப்பையில்தான் விழுகிறது." சந்தேகம் இருந்தால் ஸ்கேன் தீர்த்து வைக்கும்.

இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது, 34க்கும் 37க்கும் இடைப்பட்ட வாரங்கள்தான் வீணாகின்றன என்பது. அழுகையிலும், அக்கம்பக்கத்து ஆலோசனையிலும், யூடியூபிலும் அவை கரைந்துவிடுகின்றன. நம் ஊர் வழக்கம் வேறு ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். அதுவரை பார்த்த மருத்துவர் ஒருவர், அங்கே பார்க்கப் போகிறவர் இன்னொருவர். புதிய மருத்துவமனையில் முதல் முறையாக வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது 38 வாரம் கடந்திருக்கும். தாய் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்போ, அங்கே போய்ச் சேர்ந்த வாரத்திலேயோ, 36 வாரப் பரிசோதனை நடந்துவிட வேண்டும். எல்லா ஸ்கேன் அறிக்கைகளும் கையோடு போக வேண்டும், மாமியார் வீட்டுப் பீரோவில் தங்கிவிடக் கூடாது.

அறைக்குள் வரும் குடும்பத்தின் முதல் கேள்வி பெரும்பாலும் "ஏன் இப்படி?" என்பதாக இருக்கும், பல நேரங்களில் பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள். எழுந்து உட்கார்ந்து மறுபக்கம் படுக்கச் சொன்னேன், படுத்தபடியே புரண்டாள் என்பார் மாமியார். அதிகம் படுத்தே கிடந்தாள், வீடு பெருக்கவில்லை, குனிந்து நிமிரவில்லை என்பார் இன்னொருவர். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்காக இதைத் தெளிவாகவே எழுதுகிறேன்: எப்படிப் படுத்தாய், என்ன வேலை செய்தாய் என்பதற்கும் குழந்தை பிட்டம் கீழாக இருப்பதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலானவர்களிடம் எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாது. சிலரிடம் காரணம் இருக்கும்: நஞ்சு (நஞ்சுக்கொடி) கருப்பை வாயை மறைத்துக்கொண்டு கீழே இருப்பது, பனிக்குட நீர் மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ இருப்பது, இரட்டைக் குழந்தைகள், கருப்பைக்குள் தடுப்புச் சுவர், நார்க்கட்டி. அரிதாகக் குழந்தையின் உடலமைப்பிலேயே ஏதாவது குறை இருக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டத்தில் நிதானமான ஒரு ஸ்கேன் தேவை. நஞ்சு எங்கே, நீர் எவ்வளவு, குழந்தையின் எடை என்ன, கால்கள் நீட்டியிருக்கின்றனவா மடங்கியிருக்கின்றனவா, கழுத்து பின்னோக்கி வளைந்திருக்கிறதா என்ற ஐந்தும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

வீட்டு வைத்தியங்களைப் பற்றிக் கொஞ்சம். முழங்காலிட்டு, மார்பைத் தரையில் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி இருக்கும் நிலையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அதனால் குழந்தை திரும்புகிறது என்பதற்கு ஆய்வுகளில் போதுமான ஆதாரம் இல்லை. மூச்சு முட்டாமல், தலை சுற்றாமல் செய்ய முடிந்தால் கெடுதலும் இல்லை. மேல் வயிற்றில் குளிர்ந்த பை, அடிவயிற்றில் பாட்டு ஒலிக்கும் கைபேசி என்பவையும் அப்படித்தான், பாட்டையாவது கேட்டுக்கொள்ளலாம். கால் சுண்டுவிரல் நகத்தின் ஓரத்தில் மூலிகைத் திரியின் சூட்டைக் காட்டும் சீன முறைக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, வலுவான ஆதாரம் இல்லை. 33 முதல் 35 வாரத்துக்குள், முறையாகப் பயின்றவரிடம், உங்கள் மகப்பேறு மருத்துவருக்குத் தெரியப்படுத்திவிட்டுச் செய்துகொண்டால் நான் தடுக்க மாட்டேன். தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் வேண்டாம். எண்ணெய் போட்டு வயிற்றை நீவிக் குழந்தையைத் திருப்புகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல், குழந்தையின் துடிப்பைக் கேட்காமல் வயிற்றை அழுத்தினால் நஞ்சு பிரிந்து, தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்தாகலாம்.

இதே திருப்பும் வேலையை மருத்துவமனையில், பாதுகாப்போடு செய்ய முடியும் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. ஈ.சி.வி. என்பார்கள், வயிற்றின் மேல் கை வைத்து, வெளியிலிருந்தே குழந்தையைத் திருப்புவது. முதல் கர்ப்பம் என்றால் 36 வாரத்திலிருந்தும், முன்பு பிரசவமானவர்களுக்கு 37 வாரத்திலிருந்தும் செய்யலாம். முதலில் ஸ்கேன், பிறகு குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவு. கருப்பை தளர டெர்பியூட்டலின் ஊசி போடுவோம். அதனால் சிறிது நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பயப்பட வேண்டாம். பிறகு ஒரு கை குழந்தையின் பிட்டத்தை இடுப்பெலும்பிலிருந்து மேலே தூக்க, மற்றொரு கை தலையை வழிநடத்த, குழந்தை குட்டிக்கரணம் போடும். சில நிமிட வேலைதான். வலி இருக்கும், சிலருக்குக் கடுமையாகவே இருக்கும். போதும் என்று தாய் சொன்னால் கையை எடுத்துவிட வேண்டும். நடுநடுவே துடிப்பைப் பார்ப்போம், முடிந்ததும் மறுபடி பதிவு எடுப்போம். தாயின் ரத்த வகை நெகட்டிவ் என்றால், அவர் உடல் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகச் செயல்படாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி உண்டு.

வெற்றி வாய்ப்பு மொத்தத்தில் பாதிக்குப் பாதி. முதல் கர்ப்பத்தில் 100க்கு 40, பிரசவம் கண்டவர்களுக்கு 60 என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பிய குழந்தை மறுபடி பழைய நிலைக்குப் போவது 100க்கு ஐந்துக்கும் குறைவு. இந்த முயற்சியின்போதோ பிறகு ஒரு நாளுக்குள்ளோ அவசர சிசேரியன் தேவைப்படுவது 200 பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவருக்காகத்தான் அறுவை அரங்கு பக்கத்திலேயே தயாராக இருக்கும் இடத்தில் மட்டும் இதைச் செய்கிறோம். எல்லாருக்கும் பொருந்தாது: நஞ்சு கீழே இருந்தால், சமீபத்தில் ரத்தப்போக்கு இருந்தால், பனிக்குடம் உடைந்திருந்தால், துடிப்புப் பதிவு சரியில்லை என்றால், வேறு காரணத்தால் எப்படியும் சிசேரியன்தான் என்றால், செய்ய மாட்டோம். முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்கள் என்பதற்காக மட்டும் கதவை மூட வேண்டியதில்லை, பேசி முடிவெடுக்கலாம்.

இவ்வளவு நல்ல வழி இருந்தும் ஏன் யாரும் சொல்வதில்லை? நேரமின்மை, கைப்பழக்கம் குறைந்துபோனது, ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் ஆகிய மூன்றும்தான் என்பது என் கணிப்பு. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். சிசேரியன் இவ்வளவு சாதாரணமாகிவிட்ட இடத்தில், பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஒரு முயற்சிக்கு அரைநாள் ஒதுக்க மருத்துவருக்கும் தோன்றுவதில்லை, குடும்பத்துக்கும் தோன்றுவதில்லை. ஆகவே நீங்களே கேளுங்கள்: "எனக்கு ஈ.சி.வி. செய்ய முடியுமா? இங்கே செய்வதில்லை என்றால் எங்கே செய்கிறார்கள்?" மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

திரும்பவில்லை, அல்லது திருப்ப வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள் என்றால், அடுத்த முடிவு சிசேரியனா, சுகப்பிரசவமா என்பது. எங்கள் பாட்டி காலத்தில் கால் முன்னே வந்து பிறந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். சுளுக்குக்கு அவர்களைத்தான் மிதிக்கச் சொல்வார்கள். பிழைத்தவர்கள்தான் மிதிக்க வந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். பிட்டம் முதலில் வரும் பிரசவத்தில் உடல் வெளியே வந்த பிறகு, எல்லாவற்றிலும் பெரிய பகுதியான தலை கடைசியில் வர வேண்டும். அங்கே தாமதமானால் நிமிடங்கள்தான் கணக்கு.

2000ஆம் ஆண்டில் மேரி ஹன்னா என்ற கனடா மருத்துவரின் குழு, 26 நாடுகளில் 2,088 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. குழந்தை இறப்பும் கடுமையான பாதிப்பும் திட்டமிட்ட சிசேரியனில் 1.6 சதவீதம், திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 5 சதவீதம். அந்த ஒரு கட்டுரைக்குப் பின் உலகம் முழுவதும் பிரீச் என்றால் சிசேரியன் என்றாகிவிட்டது. இரண்டு வயதில் அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது இறப்பிலும் வளர்ச்சிக் குறைபாட்டிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்பது 2004இல் வந்த செய்தி. ஆனால் அதற்குள் இளம் மருத்துவர்கள் இந்தப் பிரசவத்தைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பே போய்விட்டது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2017இல் தந்த கணக்கு எனக்குப் பயன்படுகிறது, தாய்மார்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்: 10,000 பிரசவங்களில் குழந்தை இறப்பு, 39 வாரத்துக்குப் பிறகான திட்டமிட்ட சிசேரியனில் 5, பிட்டம் கீழான சுகப்பிரசவத்தில் 20, தலை கீழாக உள்ள சாதாரணப் பிரசவத்தில் 10.

இந்த எண்கள் பயமுறுத்துவதற்கல்ல. முன்பு சுகப்பிரசவம் ஆனவர், குழந்தை மிகப் பெரிதோ மிகச் சிறிதோ இல்லை, பாதம் கீழே தொங்கவில்லை, கழுத்து பின்னால் வளையவில்லை, வலி தானாக வந்திருக்கிறது, கைதேர்ந்தவர் அருகில் இருக்கிறார், அரங்கு தயார் என்ற அத்தனையும் கூடிவந்தால் சுகப்பிரசவம் தவறான முடிவல்ல. ஒன்று குறைந்தாலும் நான் சிசேரியனைத்தான் சொல்வேன்.

சிசேரியன் என்று முடிவானால் 39 வாரம் முடிந்த பிறகு செய்தால் போதும். நட்சத்திரம் பார்த்து 37 வாரத்திலேயே எடுத்துவிடச் சொல்லி வருபவர்கள் எங்களிடம் குறைவில்லை. முன்கூட்டி எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். நல்ல நேரத்தில் பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருப்பதில் யாருக்கு லாபம்? 39 வாரம் முடிந்த பிறகு, அந்த வாரத்தில் ஜோசியர் எந்த நாளைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். அறுவை அரங்குக்குப் போகும் காலையில் இன்னொரு முறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் திரும்பிவிட்ட குழந்தைகள் உண்டு. தலை கீழே வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போய் வலிக்காகக் காத்திருக்கலாம்.

காத்திருக்கும் நாட்களில் ஒன்றில் மட்டும் கவனம் தவறக் கூடாது. தலை கீழே இருந்தால் அது இடுப்பெலும்பின் வாயிலை அடைத்துக்கொள்ளும். பிட்டமோ பாதமோ இருந்தால் இடைவெளி இருக்கும், பனிக்குடம் உடையும்போது தொப்புள்கொடி அதன் வழியே வழுகிக் கீழே வந்துவிடலாம். இடுப்பில் மடங்கி, கால்களை மேலே நீட்டியிருக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. பாதம் முன்னே இருக்கும் குழந்தைக்கு மிக அதிகம். ஆகவே நீர் வடிந்தால் வலிக்காகக் காத்திருக்காமல், குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்று எண்ணாமல், உடனே புறப்பட வேண்டும். பிறப்புறுப்பில் கயிறு போல ஏதாவது தென்பட்டால், கையில் தட்டுப்பட்டால், அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது. முழங்காலிட்டு, முகத்தைப் படுக்கையில் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி அப்படியே இருங்கள். வீட்டில் உள்ளவர்கள் 108ஐ அழைத்து 'கொடி வெளியே வந்திருக்கிறது' என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லட்டும். அருகில் அறுவை அரங்குள்ள சீமாங் மையம் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) எது என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து வரவே கூடாது. குழந்தையின் அசைவு குறைந்தாலும் அன்றே வர வேண்டும்; பிரீச் குழந்தைகள் குறைவாகத்தான் அசையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறந்த பின் சில நாட்கள் குழந்தை கால்களை முகத்தருகே தூக்கி வைத்துக்கொண்டே இருக்கும். பாட்டிகள் பதறி, எண்ணெய் தடவி நீட்டப் பார்ப்பார்கள். வேண்டாம், தானாகச் சரியாகும். பார்க்க வேண்டியது இடுப்பு மூட்டை. 36 வாரத்திலோ அதன் பிறகோ பிட்டம் கீழாக இருந்த குழந்தைகளுக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, இடுப்பு மூட்டுக் கிண்ணம் சரியாக அமையாமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கையால் திருப்பிச் சுகப்பிரசவமான குழந்தைக்கும் இது பொருந்தும். வலி இருக்காது, அழாது, நடக்கும் வயதில் நொண்டும்போதுதான் தெரியவரும். முதல் சில மாதங்களிலேயே கண்டுபிடித்தால் ஒரு வார்ப்பட்டையில் சரிசெய்துவிடலாம். தவறவிட்டால் அறுவை சிகிச்சை வரை போகும். துணியால் சுற்றும்போது கால்களை நேராக இழுத்துக் கட்டாமல், தவளை போல மடங்கி விரிய இடம் விடுங்கள். பிறந்தவுடன் குழந்தை மருத்துவர் இடுப்பைச் சோதித்துச் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும், ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது டிஸ்சார்ஜ் தாளைக் காட்டி, இது பிரீச் குழந்தை, இடுப்புக்கு ஸ்கேன் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள்.