கடைசியாக வருகிற பாடகரைக் கேட்கக் காதில் எவ்வளவு மிச்சம்?

யூலை பிறந்தால் யாழ்ப்பாணத்தில் இரண்டு விதமான நோட்டீசுகள் சுற்றத் தொடங்கிவிடும். ஒன்று கோயில் திருவிழா நோட்டீஸ். எந்த உபயத்துக்கு எத்தனை கூட்டு மேளம், நாதஸ்வரம் யார், தவில் யார், இரவு எந்த இசைக்குழு என்று அதில் இருக்கும். மற்றது முற்றவெளியிலோ வேறு திடலிலோ நடக்கப் போகிற பெரிய இசை நிகழ்ச்சியின் நோட்டீஸ். இந்தியாவிலிருந்து வருகிறவர்களின் படம் மேலே பெரிதாக இருக்கும், எங்கள் ஊர்க் கலைஞர்களின் படம் கீழே முத்திரை அளவில் இருக்கும். அது வட்ஸ்அப்பில் வந்த நிமிடமே வாக்குவாதம் தொடங்கும். "உவர் போனமுறையும் வந்தவர்தானே, வேற ஆள் கிடைக்கேல்லையே?" "எங்கட பெடியளுக்கு அரை மணித்தியாலம்கூடக் குடுக்கேல்ல." "மற்ற ஆக்களை விட்டிட்டு அவரை முதல்லயே பாடவிடுங்கோ."

இந்த வாக்குவாதம் எனக்குப் பிடிக்கும். தட்சிணாமூர்த்தியின் தவிலுக்கும் அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கும் விடிய விடிய வீதியில் இருந்த சனத்தின் பிள்ளைகள், யார் வரவேண்டும் யார் வரக்கூடாது என்று சண்டை பிடிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். உள்ளூர்க் கலைஞர்களுக்கு உரிய நேரம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறவர்களின் பக்கம்தான் நானும்.

ஆனால் என் தொழில் கேட்டல் பரிசோதனை செய்வது. திருவிழாக் காலம் முடிய என்னிடம் வருகிறவர்களைப் பார்க்கும்போது, அந்த வாக்குவாதத்தில் ஒரு கேள்வி எப்போதும் விடுபட்டுப் போவது தெரிகிறது. யார் பாடுகிறார் என்று கேட்கிறோம், எவ்வளவு நேரம் எவ்வளவு சத்தத்தில் என்று கேட்பதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களும் இதே சண்டையைத்தான் பிடிக்கிறார்கள். சமர் விடுமுறைக்கு லண்டனிலிருந்து வருகிற இளம் பிள்ளைகளோடு கதைத்தால் கிளாஸ்டன்பரி பற்றி மணிக்கணக்காகச் சொல்வார்கள். இங்கிலாந்தின் சமர்செற் பகுதியில் ஒரு பண்ணையில் யூன் கடைசியில் நடக்கிற விழா அது. யார் யார் வருகிறார்கள் என்று தெரிய முன்னரே ரிக்கெற் விற்று முடிந்துவிடும். பெயர்ப் பட்டியல் வந்தபிறகுதான் குறை சொல்லத் தொடங்குவார்கள். 2024 இல் டுவா லிப்பா, கோல்ட்பிளே, சிஸா என்று முதன்மைப் பெயர்கள் வந்தபோது, கோல்ட்பிளே திரும்பவுமா என்று பலர் அலுத்துக்கொண்டார்கள். அது அந்தக் குழு அங்கே முதன்மையாக மேடையேறிய ஐந்தாவது தடவை. அந்தக் குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டினுக்குக் காது இரைச்சல் இருக்கிறது, அதாவது வெளியே சத்தமில்லாமலே காதுக்குள் ஒலி கேட்கும். இளவயதில் சத்தமாகப் பாட்டுக் கேட்டதன் விளைவு என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பட்டியலைப் பற்றிச் சண்டை பிடிக்கிற பிள்ளைகளில் அநேகம் பேருக்கு இது தெரியாது.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இருபதுகளில் இருக்கும் ஒரு தம்பி. நிகழ்ச்சி முடிந்து ஒரு கிழமைக்கு மேலாகியும் இடது காதில் கீச்சென்று ஒரு சத்தம் நிற்கவில்லை என்று வந்தார். "பகல்ல பரவாயில்ல சேர். கரண்ட் நிண்டு, பக்கத்து வீட்டு ரீவியும் நிண்டாத்தான் கூடுதலாக் கேக்குது. படுக்கேலாது." எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். மேடைக்கு முன்னால், தடுப்போடு ஒட்டி, இடது பக்க ஸ்பீக்கர் அடுக்கின் கீழே. பின்னேரம் ஐந்து மணிக்கே போய் அந்த இடத்தைப் பிடித்து, கடைசிப் பாட்டுவரை விடவில்லை. தனக்குப் பிடித்த பாடகரைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை. அதில் என்ன பிழை?

அவரைச் சத்தம் புகாத அறையில் இருத்தி, ஹெட்போனைப் போட்டு, கையில் பொத்தானைக் கொடுத்தேன். மெல்லிய ஒலி கேட்டதும் அமத்த வேண்டும். ஒலியின் சுருதியை ஹேர்ட்சில் சொல்வோம், எண் கூடக்கூட ஒலி கீச்சாகும். 250 ஹேர்ட்சில் உடனே அமத்தினார். 500, 1000, 2000 எல்லாம் அப்படியே. 4000 க்கு வந்தபோது விரல் அசையவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். கண்ணை மூடி, முகத்தைச் சுருக்கி, கேட்க எத்தனித்துக்கொண்டிருந்தார். சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலில் 40 வந்தபோதுதான் விரல் அசைந்தது. 8000 இல் திரும்பக் கேட்டது. வரைபில் கோடு நேராக வந்து, 4000 இல் ஒரு பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறியது. மிகுந்த சத்தத்தால் பாதிக்கப்பட்ட காதின் அடையாளம் அந்தப் பள்ளம்தான்.

உட்காதில் ஒலியை நரம்புக்கு எடுத்துக் கொடுக்கும் மயிர்க்கலங்கள் இருக்கின்றன. மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகிற வெளிவரிசைக் கலங்கள் ஒரு காதில் ஏறத்தாழ 12,000 தான். மிகுந்த சத்தத்தில் இவை முதலில் களைக்கும். நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது காது அடைத்தது போல இருப்பதும், கூட வந்தவர் கதைப்பது தூரத்தில் கேட்பதும் அந்தக் களைப்புத்தான். ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் மீளும். அடிக்கடி நடந்தால் சில கலங்கள் செத்துப்போகும். மனிதக் காதில் செத்த மயிர்க்கலம் திரும்ப முளைக்காது. தோல் காயம் ஆறுவதுபோல இது ஆறும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இதைச் சொல்வதுதான் என் வேலையில் ஆகக் கடினமான பகுதி.

முதலில் போவது 3000 முதல் 6000 ஹேர்ட்ஸ் வரையான பகுதி. பாட்டின் நுட்பங்களில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. தவிலின் வலது பக்கமான வலந்தலையில் விரலில் மாட்டிய கூடு விழுகிற தெளிவு, வயலின் வில்லின் உராய்வு, பாடகர் ஒரு சொல்லை முடிக்கும்போது வரும் மூச்சு, ச, ஸ, த போன்ற எழுத்துகளின் கூர்மை. இரண்டு பாடகர்களில் யார் சிறந்தவர் என்று சண்டை பிடிக்க உங்களுக்கு வேண்டியது இந்தப் பகுதிதான். பாஸ் கடைசிவரை கேட்கும். அதனால்தான் பலருக்குத் தங்கள் கேட்டல் குறைந்தது வருடக்கணக்காகத் தெரிவதில்லை.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். தொழிலிடங்களில் எவ்வளவு சத்தத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று, தொழிற் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த ஒரு கணக்கு இருக்கிறது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 இல் 4 மணித்தியாலம், 91 இல் 2, 94 இல் 1, 97 இல் அரை மணித்தியாலம், 100 இல் கால் மணித்தியாலம். நாள்தோறும் பல வருடம் வேலை செய்கிறவர்களுக்காகச் சொன்ன அளவு இது. ஒரு இரவு தாண்டியதும் செவிடாகிவிடுவோம் என்று அர்த்தமில்லை. என்றாலும் கணக்கைப் பாருங்கள். ஐந்து மணியிலிருந்து பத்து மணிவரை சராசரி 97 டெசிபலில் நின்றால், பத்து நாளுக்கான பங்கை ஒரே இரவில் வாங்கியாயிற்று. முன்வரிசையில் 97 என்பது அடக்கமான அளவு.

பட்டியல் நீளநீள நிகழ்ச்சி பெறுமதியானது என்று நினைக்கிறோம். பன்னிரண்டு பெயர் இருந்தால் ரிக்கெற் காசுக்கு லாபம் என்று கதைக்கிறோம். அந்தப் பன்னிரண்டு பேரும் காதின் ஒரே பங்கிலிருந்துதான் எடுக்கிறார்கள். நீங்கள் யாருக்காகப் போனீர்களோ அவர் கடைசியில் வருவார். அதற்குள் உங்கள் காது களைத்திருக்கும். உறைப்புக் கறியைச் சாப்பிட்ட நாக்கில் பாயாசத்தின் ஏலக்காய் எப்படிப் பிடிபடும்?

இதில் இன்னொன்றும் நடக்கிறது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் இருக்கும் சவுண்ட்காரரும் மனிதர்தான். பின்னேரம் தொடங்கி அங்கேயே இருக்கிறார், அவர் காதும் களைத்துவிடும். களைத்த காதுக்குச் சத்தம் குறைவாகத் தெரியும், ஆகவே கூட்டுவார். சனமும் "சவுண்ட் காணாது" என்று கத்தும். அவருக்கும் சனத்துக்கும் ஒரே களைப்பு. உள்ளூர்க் குழுக்கள் பாடும்போது ஒழுங்காக இருந்த சத்தம், இரவு ஒன்பதரைக்கு எங்கேயோ போய்விடுகிறது. மேடையிலிருந்து பாடகர் கையால் "கூட்டு" என்று காட்டினால் சொல்லவே தேவையில்லை. சவுண்ட்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவருக்கு முன்னால் டெசிபல் காட்டும் ஒரு மானி இருந்தால், காதை நம்பிக் கூட்ட வேண்டிய தேவை இருக்காது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2022 இல் இசை நிகழ்ச்சிகளுக்கென்றே ஒரு தரம் வெளியிட்டது. எந்தக் கால் மணித்தியாலத்தை எடுத்தாலும் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, சத்தத்தை நிகழ்ச்சி முழுக்க அளக்க வேண்டும், காது அடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான ஓரிடம் வேண்டும் என்பவை அதிலுள்ளன. சுவிசில் இதுபோன்ற விதிகள் சட்டமாகவே இருக்கின்றன. ஒரு மணித்தியாலச் சராசரி 100 ஐத் தாண்டக்கூடாது, 93 ஐத் தாண்டினாலே வருகிறவர்களுக்கு அறிவித்து இலவசமாக அடைப்பான் கொடுக்க வேண்டும். அங்கிருந்து சமருக்கு வருகிற எங்கள் உறவுகள் வாசலில் அதை வாங்கிப் பழகியவர்கள். இங்கே வந்ததும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெறுங்காதோடு ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கிறார்கள். எங்கள் நாட்டில் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007 இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அது அயலில் உறங்குகிறவருக்கான பாதுகாப்பு. மைதானத்துக்குள் நிற்கிறவரின் காதுக்கு நாங்கள்தான் பொறுப்பு.

கலைஞர்களை விட்டுவிட முடியாது. தவில் வாசிக்கும் ஐயா ஒருவர் பேத்தியின் கட்டாயத்தில் வந்தார். "தம்பி, நாதஸ்வரம் வடிவாக் கேக்குது. வீட்டில இவை கதைக்கிறதுதான் விளங்கேல்ல." இரண்டு காதிலும் பள்ளம் இருந்தது. சின்ன வயதிலிருந்து தவிலுக்குப் பக்கத்திலேயே இருந்த காது. இசையை ஒரே அளவாகக் குறைத்து, தெளிவு கெடாமல் உள்ளே விடுகிற வடிகட்டி அடைப்பான்கள் கலைஞர்களுக்கென்றே வருகின்றன. மரியாதைக் குறைவு என்று நினைத்து எங்கள் வித்துவான்கள் போடுவதில்லை. அவர்களிடம் பழகும் மாணவர்களாவது இப்போதிருந்தே போட வேண்டும் என்பது என் ஆசை.

சரி, போகிறவர்கள் என்ன செய்யலாம்? இடம்தான் முதல் விஷயம். திறந்த வெளியில் ஒற்றை ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிப்பானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பெரிய மேடைகளில் தொங்கவிடும் நீள அடுக்குகளில் அவ்வளவு குறையாது, ஆனாலும் குறையும். ஸ்பீக்கருக்கு நேரே முன்னால் மட்டும் நிற்காதீர்கள். மிக்சர் வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், அங்கே கேட்பதை வைத்துத்தான் சவுண்டே அமைக்கிறார்கள். ஒரு கை நீளத்தில் நிற்கிறவரிடம் கத்திக் கதைக்க வேண்டியிருந்தால் 85 ஐத் தாண்டிவிட்டது என்று எடுங்கள்.

அப்புறம் அடைப்பான். நுரையால் செய்த சின்ன அடைப்பான்கள் மருந்துக் கடையில் இருக்கும், பாதுகாப்புச் சாமான் விற்கிற ஹார்ட்வெயார் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மற்றக் கையால் தலைக்குப் பின்னால் சுற்றிக் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தொங்கினால் பிரயோசனமில்லை. ஒழுங்காகப் போட்டு 15 டெசிபல் குறைந்தாலே போதும். 103 இல் ஏழரை நிமிடமாக இருந்த அளவு 88 இல் 4 மணித்தியாலமாகிவிடும். பஞ்சு வைப்பது பெரிதாக எதையும் தடுக்காது. சின்னப் பிள்ளைகளுக்குத் தலையில் மாட்டும் காதுமூடிதான் சரி, அது இல்லையென்றால் பின்னால் தூரத்தில் இருங்கள். ஏற்பாட்டாளர்களோடு பெயர்களுக்காக மல்லுக்கட்டும்போது, வாசலில் அடைப்பான் இருக்குமா, இடைவேளை உண்டா, சத்தத்தை அளக்கிறார்களா என்றும் கேளுங்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியவர் யாரென்று முடிவெடுத்து, அவர் மேடையேறும் நேரத்துக்குப் போவதிலும் தவறில்லை. ஆனால் உள்ளூர்க் குழுவைத் தவிர்ப்பதற்கு அதைச் சாட்டாக்க வேண்டாம். முதல் குழுவைக் கேட்டுவிட்டு, நடுவில் வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்து வாருங்கள்.

இரைச்சலோ அடைப்போ வீட்டுக்கு வந்தபிறகும் இருந்தால், அடுத்த நாள் காதைச் சும்மா விடுங்கள். இயர்போன் வேண்டாம், அடுத்த கோயில் மேளத்துக்கு முன்னால் போய் நிற்கவும் வேண்டாம். உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தயவுசெய்து விடாதீர்கள். பாதிப்பு செவிப்பறைக்கு அப்பால் உட்காதில் இருக்கிறது, எண்ணெய் அங்கே போகாது, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் புண்ணாக்கிவிடும். இரண்டாம் நாளும் மாறவில்லை என்றால் பரிசோதனைக்குப் போங்கள். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் ஒரு நாளும் பொறுக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓடுங்கள். அதற்கான மருந்து முதல் நாட்களில்தான் நன்றாக வேலை செய்யும். சாதாரணப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் அதற்கு முந்தைய 14 மணித்தியாலமாவது சத்தமான இடத்துக்குப் போகாமல் வாருங்கள். களைத்த காதோடு வந்தால் வரைபில் விழுகிற பள்ளம் தற்காலிகமானதா நிரந்தரமானதா என்று சொல்ல முடியாது.