வாடகைக்கு இருப்பவரும் சேர்ந்து கட்டும் சுக்காய் பிந்து

மலேசியாவில் வீட்டுக்காரர் மதிப்பீட்டு வரியை, அதாவது மலாயில் ‘சுக்காய் பிந்து’ என்று சொல்லும் வரியை, நிலுவையில் வைத்திருந்தால், மாநகர் மன்ற அதிகாரிகள் வாரண்டோடு வந்து வீட்டுக்குள் இருக்கும் அசையும் பொருள்களைக் கைப்பற்றலாம். ஐஸ்பெட்டியும் டிவியும் யார் வாங்கியவை என்பது அங்கே கணக்கில் வராது. அந்த இடத்தில் இருக்கும் பொருள் யாருக்குச் சொந்தமானாலும் எடுக்கலாம் என்றே 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் சொல்கிறது. வாடகைக்கு இருக்கும் பலர் இதை அறியாமல், ‘சுக்காய் பிந்து வீட்டுக்காரர் சமாச்சாரம்’ என்று பில்லைப் பிரிக்காமலே போட்டுவைக்கிறார்கள். அவர்களும் சேர்ந்து கட்டும் இந்த வரியில் ஒரு பங்கை மலிவு வீட்டுக்கும் வாடகைதாரர் உதவிக்கும் தனியே ஒதுக்கச் சொல்லலாமா, பினாங்கில் அதை எப்படிக் கேட்பது என்பதுதான் இங்கே பேச்சு.

தப்பிக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. பறிமுதலைத் தவிர்க்க வாடகைதாரரே நிலுவையைக் கட்டினால், எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத பட்சத்தில், அந்தத் தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ரசீதைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகு கழியுங்கள். சொல்லாமல் கழித்தால் அது வாடகை பாக்கி என்று பேச்சு திரும்பிவிடும்.

வரி கணக்கிடும் முறையே வாடகையை ஒட்டியதுதான். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்ற மதிப்பு ‘ஆண்டு மதிப்பு’. அதில் குறிப்பிட்ட விழுக்காடு வரி. சட்டப்படி உச்சவரம்பு 35 விழுக்காடு என்றாலும், குடியிருப்புகளுக்கு அதைவிட மிகக் குறைவாகத்தான் போடுகிறார்கள். மாதம் 1,000 ரிங்கிட் வாடகை பெறக்கூடிய பிளாட்டுக்கு ஆண்டு மதிப்பு 12,000. விகிதம் 4 விழுக்காடு என்று வைத்தால் வருடத்துக்கு 480 ரிங்கிட். பிப்ரவரி இறுதிக்குள் 240, ஆகஸ்டு இறுதிக்குள் 240. பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். மாதம் 40 ரிங்கிட்டை வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறவர் பில்லில் பெயர் இல்லாதவர்.

அந்தப் பணம் மன்றத்தின் பொது நிதியில் போய்ச் சேருகிறது. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். இத்தனை விழுக்காடு மலிவு வீட்டுக்கு என்று தனியே கட்டிப்போட்ட பங்கு கிடையாது. கோலாலம்பூரில் பிபிஆர் (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டம்) வீட்டு வாடகை மாதம் 124 ரிங்கிட். லிஃப்டும் தண்ணீர்த் தொட்டியும் அதில் ஓடாது. ஆக அங்கே பொதுப்பணம் வாடகைதாரருக்கு ஏற்கெனவே போகிறது; கணக்கில் தனித் தலைப்பு போடாமல் போவதால் எவ்வளவு என்று சட்டென்று சொல்ல முடிவதில்லை.

அப்படித் தனித் தலைப்பு போட்ட ஊர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ். 2022 நவம்பரில் வாக்கெடுப்பில் நிறைவேறி, 2023 ஏப்ரல் 1 முதல் 5 மில்லியன் டாலருக்கு மேல் விலைபோகும் சொத்துகளுக்கு 4 விழுக்காடும், 10 மில்லியனிலிருந்து 5.5 விழுக்காடும் கைமாறும்போது கட்டும் வரி விதிக்கப்பட்டது. திட்டங்களுக்கான தொகையில் 70 விழுக்காடு மலிவு வீடுகளுக்கு, 30 விழுக்காடு வாடகை நிலுவை உதவி, வெளியேற்ற வழக்குக்கு வழக்கறிஞர் போன்றவற்றுக்கு. வருடத்துக்கு 600 மில்லியன் முதல் 1.1 பில்லியன் டாலர் வரை வரும் என்றார்கள். அதற்கு வெகு கீழேதான் வந்தது. வரி வருமுன் அவசரமாக விற்றார்கள், வந்த பின் விற்பதைத் தள்ளிப்போட்டார்கள். வழக்குகள் இருந்ததால் வந்ததைச் செலவழிக்கவும் நகரம் தயங்கியது.

பினாங்கில் இதை அப்படியே செய்ய முடியாது. சொத்து கைமாறும்போது கட்டும் முத்திரை வரியும், விற்ற லாபத்துக்கான வரியும் மத்திய அரசுடையவை. உள்ளாட்சித் தேர்தலும் இல்லை. 1965இல் நிறுத்தப்பட்டது, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது. சொத்து தொடர்பாக மாநகர் மன்றத்தின் கையில் முக்கியமாக மிஞ்சுவது மதிப்பீட்டு வரியும், கூடுதல் அடர்த்திக்கு (அதே நிலத்தில் அதிக வீடு கட்ட) அனுமதி கேட்கும் மேம்பாட்டாளரிடம் வாங்கும் கட்டணமும்தான். இது ஒரு வகையில் நல்லதே. விற்றாலும் விற்காவிட்டாலும் மதிப்பீட்டு வரி வருடத்துக்கு இரண்டு முறை வந்துகொண்டிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன பிளாட் போல ஒரு லட்சம் வீடுகள். வரியின் ஒவ்வொரு ரிங்கிட்டிலும் 5 சென், அதாவது ஐந்து விழுக்காடு, ஒதுக்குகிறோம். ஒரு வீட்டுக்கு 24 ரிங்கிட், மொத்தம் 24 லட்சம். வீடு ஒன்றுக்கு 300,000 ரிங்கிட் செலவு என்றால் அந்தப் பணத்தில் எட்டு வீடு கட்டலாம். வாடகை முன்பணத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 2,000 ரிங்கிட் கடன் என்றால் 1,200 குடும்பம் வீடு மாறலாம். கடன் திரும்ப வந்தால் அடுத்த வருடம் இன்னும் சிலர். உள்ளூர் வரிப்பணத்தைக் கட்டடத்தில் போடச் சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

முன்பணம் சிறிய தடை இல்லை. வழக்கத்தில் இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர்–மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று மூன்றரை மாத வாடகையைச் சாவி வாங்கும்போதே எண்ணிவைக்க வேண்டும். 1,200 ரிங்கிட் வீட்டுக்கு 4,200. மாதாமாதம் 1,200 கட்டச் சக்தி உள்ள குடும்பம்கூட இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ரொக்கமாகக் கொடுப்பதைவிட, இரண்டு மாத வைப்புக்கு மன்றம் உத்தரவாதக் கடிதம் கொடுப்பது சிக்கனமானது. சேதம் நேர்ந்தால் மட்டுமே பணம் போகும். ஆனால் வீடு காலியாக ஒப்படைக்கும் நாளில் படத்தோடு பட்டியல் எழுதாவிட்டால், எந்தக் கீறல் யார் போட்டது என்பதே சண்டையாகிவிடும். (‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று விளம்பரம் போடுகிறவரை எந்த உத்தரவாதக் கடிதமும் மாற்றாது. அதைத் தடுக்கத் தனி வாடகைச் சட்டம் வேண்டும்.)

வாடகைதாரருக்கு இருந்த கவசம் எடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பினாங்கின் ஜார்ஜ்டவுன் பார்த்திருக்கிறது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தானது. மாறுகாலம் 1999 இறுதியோடு முடிந்தது. 2000 பிறந்ததும் கடைவீடுகளின் வாடகை சந்தை விலைக்குப் பாய்ந்தது. பழைய குடும்பங்கள் மூட்டை கட்டின. அன்றைக்கு ஒரு மாறுகால உதவி நிதி இருந்திருந்தால் போதும், சில தெருக்கள் இன்று வேறு மாதிரி இருந்திருக்கும்.

பினாங்கில் ஏற்கெனவே நடக்கும் ஒன்றைப் பார்த்தால் என்ன தவறும் என்று தெரியும். மலிவு, நடுத்தர மலிவு அடுக்குமாடிகளின் லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கூரை, சாயம் போன்ற வேலைகளுக்கு மாநில அரசு 80 விழுக்காடு வரை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. குடியிருப்பு குறைந்தது 20 விழுக்காடு போட வேண்டும். 200 வீட்டு பிளாக்கில் 200,000 ரிங்கிட் வேலை என்றால் குடியிருப்பின் பங்கு 40,000, வீட்டுக்கு 200. அறுபது வீடு கட்டாவிட்டால் 12,000 குறையும், வேலை நிற்கும். கட்டாதவர்களில் வேறு ஊரில் இருக்கும் உரிமையாளர்களும் உண்டு. லிஃப்ட் இல்லாமல் பதினொரு மாடி ஏறுகிறவர் வாடகைதாரர். நிர்வாகக் கூட்டத்தில் அவருக்கு ஓட்டு இல்லை. எனவே இப்படிப்பட்ட நிதியில், கட்டாத வீட்டின் பங்கை முதலில் நிதியே போட்டு, பிறகு உரிமையாளரிடம் ஸ்ட்ராட்டா தீர்ப்பாயம் (அடுக்குமாடி நிர்வாகத் தகராறுகளை விசாரிப்பது) வழியாக நிர்வாகம் வசூலித்துத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி அவசியம்.

ஒதுக்கீடு கேட்டு மாநகர் மன்ற உறுப்பினரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ மனு கொடுக்கப்போகும் குடியிருப்புச் சங்கங்கள், ‘ஐந்து விழுக்காடு வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. பில் போட்ட தொகையில் ஐந்தா, வசூலான தொகையில் ஐந்தா? பில் தொகை என்றால் வசூல் குறையும் வருடத்தில் நிதி காகிதத்தில்தான் இருக்கும், வசூலானதில் கேளுங்கள். தனி அறக்கணக்கு (அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடக்கூடிய கணக்கு), நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு, செலவாகாத பணம் பொது நிதிக்குத் திரும்பாமல் அடுத்த வருடத்துக்குப் போகும் என்ற வாசகம், மூன்றும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி நடக்கும் ஏமாற்றம் வேறு. புது நிதிக்கு 24 லட்சம் வந்த வருடத்தில், பழைய பராமரிப்பு ஒதுக்கீட்டில் 24 லட்சம் சத்தமில்லாமல் குறையும். அதனால் மனு கொடுப்பதற்கு முன்பே, கடந்த மூன்று வருடங்களில் வீட்டுப் பராமரிப்புக்கும் உதவிக்கும் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தத் தாளை மனுவோடு பின் குத்திக் கொடுங்கள்.