குழாய்க்குள் கொதிக்கும் குளிர்பதனக் கலவை: கணக்கு எங்கே பிசகுகிறது?

குளிர்சாதனங்களில் ஓடும் ஆர்-134ஏ போன்ற தனிப்பொருள், அழுத்தம் மாறாதவரை ஒரே வெப்பநிலையில் கொதித்து முடியும். ஆர்-407சி அப்படியல்ல. அது எடையளவில் 23% ஆர்-32, 25% ஆர்-125, 52% ஆர்-134ஏ சேர்ந்த கலவை. வளிமண்டல அழுத்தத்தில் இம்மூன்றின் கொதிநிலைகள் முறையே சுமார் -52, -48, -26 டிகிரி செல்சியஸ். அதனால் முதல் குமிழ் தோன்றுவதற்கும் கடைசித் துளி மறைவதற்கும் இடையே வெப்பநிலை 6 முதல் 7 டிகிரி ஏறுகிறது. இதைத்தான் துறையில் ‘கிளைடு’ என்கிறார்கள். ஆர்-410ஏ-வும் கலவைதான், ஆனால் அதன் கிளைடு மிகச் சிறியது என்பதால் தனிப்பொருளாகவே கணக்கிடலாம்.

சுவரிலிருந்து திரவத்துக்கு வெப்பம் எவ்வளவு எளிதாகச் செல்கிறது என்பதைக் காட்டும் எண்தான் வெப்பப் பரிமாற்றக் கெழு. கூறுகளின் கெழுக்களைச் சராசரி எடுத்தால் கலவையின் கெழு கிடைத்துவிடும் என்று தோன்றும். அளந்து பார்த்தால் அதைவிடக் குறைவாகவே வருகிறது. காரணம் குமிழின் விளிம்பில் இருக்கிறது. அங்கே எளிதில் ஆவியாகும் ஆர்-32 முந்திக்கொண்டு போய்விட, ஆர்-134ஏ மிகுந்த திரவம் பின்தங்குகிறது. அந்தத் திரவத்தின் கொதிநிலை கூடுதல். சுற்றியுள்ள திரவத்திலிருந்து புதிய ஆர்-32 பரவி வந்து சேரும்வரை, சுவரின் மிகைவெப்பத்தில் (கொதிநிலையைவிடச் சுவர் கூடுதலாகச் சூடாக இருக்கும் அளவில்) ஒரு பகுதி பயன்படாமல் போகிறது. குமிழ் மெதுவாக வளர்கிறது.

கணக்கின் அடித்தளமாக, ஜான் சென் 1966-இல் வெளியிட்ட வடிவமே இன்றும் பலருக்குக் கைகொடுக்கிறது: குமிழ்க் கொதிப்பின் பங்கை (ஓட்டம் குமிழ்களை அடக்குவதைக் காட்டும்) ஒடுக்கக் காரணியாலும், ஓட்டத்தின் பங்கை (ஆவி ஓட்டத்தை வேகப்படுத்துவதைக் காட்டும்) ஊக்கக் காரணியாலும் பெருக்கிக் கூட்டுவது. கலவைக்கான திருத்தம் இரண்டு பங்குக்கும் வேறுவேறு.

குமிழ்ப் பங்குக்குத் தோம்–ஷகீர் திருத்தம் பொருந்தும். வெப்பப் பாயம் (சுவர் வழியே பாயும் வெப்பம்) சதுர மீட்டருக்கு 10 கிலோவாட், திருத்தாத கெழு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 5,000 வாட் என்று கொள்வோம். சுவருக்குத் தேவையான மிகைவெப்பம் 2 டிகிரி. திரவ அடர்த்தி கன மீட்டருக்கு 1,240 கிலோ, உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 210 கிலோஜூல், திரவத்தில் பொருள் பரவும் கெழு நொடிக்கு 0.0003 மீட்டர். பாயத்தை இம்மூன்றின் பெருக்கலால் வகுத்தால் 0.128. e என்ற எண்ணின் -0.128 அடுக்கை (0.88) 1-இலிருந்து கழிக்க 0.12. கிளைடு 6 டிகிரியால் பெருக்க 0.72. ஆக, 2 டிகிரி போதும் என்ற இடத்தில் 2.72 டிகிரி வேண்டும். கெழு சுமார் 3,700-ஆக இறங்குகிறது. கால்வாசிக்கும் மேல் இழப்பு!

ஆவி மிகுந்து, திரவம் சுவரில் மெல்லிய படலமாக ஓடும் பகுதியில் குமிழ்கள் அடங்கிவிடும். மேற்சொன்ன இழப்பும் சுருங்கும். ஆனால் கிளைடுக்கேற்ப ஆவியையும் சூடாக்கியாக வேண்டும். ஆவிக்கு வெப்பம் செல்வதில் உள்ள தடையைச் சில்வர்–பெல்–காலி முறையில் ஓட்டப் பங்கோடு சேர்க்க வேண்டும்.

நடைமுறையில் குழாயைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள அழுத்தம், வெப்ப உள்ளடக்கம் இரண்டையும் கொண்டு திரவ–ஆவிச் சமநிலைக் கணக்குப் போட்டு, அங்குள்ள ஆவிப் பங்கு, திரவத்தின் கலப்பு விகிதம், வெப்பநிலை மூன்றையும் எடுக்க வேண்டும். திரவத்தின் பண்புகளை அந்த விகிதத்துக்கே எடுக்க வேண்டும், சிலிண்டரில் எழுதியிருக்கும் விகிதத்துக்கு அல்ல. அழுத்த இழப்பு கொதிநிலையைக் கீழே இழுப்பதால் கிளைடின் ஒரு பகுதி மறைந்துவிடும், அதையும் விடக்கூடாது.

பெரும்பாலான பிழை சூத்திரத்தில் இல்லை, வெப்பநிலையில்தான் இருக்கிறது. நுழைவுக்கும் முடிவுக்கும் இடையே நேர்கோடு போட்டு அந்தந்த இடத்தின் வெப்பநிலையை எடுப்பவர்கள் பலர். உண்மைக் கோடு வளைந்தது. சுவருக்கும் திரவத்துக்கும் 3 டிகிரி வேறுபாடு இருக்கும் இடத்தில் 1 டிகிரி பிசகினால், அளவீட்டிலிருந்து பெறும் கெழு ஒரு பக்கம் 50% கூடும், மறுபக்கம் 25% குறையும். கிடைமட்டக் குழாயில் ஓட்டம் மந்தமாகி மேற்சுவர் வறண்டால் எந்தத் திருத்தமும் காப்பாற்றாது. முதலில் ஓட்ட வகையைப் பார்த்துவிட்டுத்தான் சூத்திரத்தைத் தொட வேண்டும்.