ஆஸ்டியோபதி சிகிச்சை: கை வைக்கும் முன் நடக்க வேண்டியவை

தசைகளையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் சிகிச்சை ஆஸ்டியோபதி. அதில் முதுகைத் திருகும்போது ‘மளுக்’கென்று ஒரு சத்தம் வந்தால்தான் சிகிச்சை நடந்ததாக நம்புகிறவர்கள் நிறையப் பேர். விலகிப்போன எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று அதை நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. மூட்டு உறைக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது, அதில் கரைந்திருந்த வாயு பிரிந்து குமிழ் உண்டாகிறது. அதையொட்டி எழும் சத்தம்தான் அது. விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் அதே சத்தம். முறித்த விரலைச் சுமார் 20 நிமிடத்துக்கு மறுபடி முறிக்க முடியாது, ஏனென்றால் வாயு திரும்பக் கரைய அவ்வளவு நேரம் ஆகும். சத்தம் வந்தும் வலி அப்படியே இருக்கலாம். சத்தமே வராமல் நன்றாகக் குறைந்தும் விடலாம்.

இந்த முறையை 1874-இல் முன்வைத்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1892-இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் இதற்கான முதல் கல்லூரியையும் அவரே தொடங்கினார். இன்று அமெரிக்காவில் இதைப் படித்து வருகிறவர்கள் மருந்து எழுதவும் அறுவைசிகிச்சை செய்யவும் உரிமை உள்ள முழுமையான மருத்துவர்கள். பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்கள் மட்டுமே ஆஸ்டியோபதி நிபுணர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவு ஒருவரை மருத்துவராக்காது. சட்டமே இல்லாத நாடுகளும் உண்டு. அங்கே சில நாள் வகுப்புக்குப் போய்வந்தவர்கூடப் பலகை மாட்டிவிடலாம். அதனால் எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டுகள் படித்தீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். மருத்துவப் பின்னணி இல்லாமல் நேரடியாக இதைப் படிக்க வருகிறவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வகுத்த அளவுகோல் 4,200 மணி நேரம். அதில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் முறை போகும்போது முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதில் பாதியாவது கேள்வியிலும் பரிசோதனையிலும் போகும், போகவும் வேண்டும். வலி எப்போது தொடங்கியது, இரவில் தூக்கத்தைக் கலைக்கிறதா, எப்படி உட்கார்ந்தால் கூடுகிறது, காலுக்கு இறங்குகிறதா என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தீர்களா, எலும்பு பலவீனம், முடக்குவாதம், புற்றுநோய் எப்போதாவது இருந்ததா, சமீபத்தில் விழுந்தீர்களா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்பதெல்லாம் எந்தக் கைமுறையைத் தொடக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும். பழைய ஸ்கேன் இருந்தால் எடுத்துப் போங்கள்.

வலி காலுக்கு இறங்கினால் நரம்புப் பரிசோதனை கட்டாயம். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவார்கள். 30 பாகையிலிருந்து 70 பாகைக்குள் வலி முழங்காலுக்குக் கீழே சுரீரென்று இறங்கினால் நரம்பு வேர் நெருக்கப்பட்டிருக்கலாம். தொடையின் பின்தசை இழுப்பது வேறு, அதற்கும் இதற்கும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கால் கட்டைவிரலைச் சிகிச்சையாளரின் கைக்கு எதிராக மேலே தூக்கச் சொல்வார்கள், நுனிக்காலில் நடக்கச் சொல்வார்கள், சிறு சுத்தியலால் முழங்காலிலும் குதிகால் தசைநாணிலும் தட்டுவார்கள். இது எதுவும் இல்லாமல் நேரே மேசையில் படுக்கவைத்து முதுகைத் திருகப் போனால், எழுந்து வந்துவிடுவதே நல்லது.

சிகிச்சையில் பெரும்பகுதி மென்மையானது. தசையை அழுத்தி நீவுவது, மூட்டை அதன் எல்லைக்குள் மெல்ல ஆட்டுவது, வலிக்கும் புள்ளி தளரும் நிலையில் உடலைச் சுமார் 90 விநாடி தாங்கிப் பிடிப்பது என்று பல முறைகள் உண்டு. நோயாளியே வேலை செய்கிற முறை ஒன்று இருக்கிறது. கழுத்து வலப்பக்கம் திரும்ப மறுக்கிறது என்று வையுங்கள். போகிற வரை வலப்பக்கம் திருப்பி நிறுத்தி, ‘இப்போது இடப்பக்கம் திரும்பப் பாருங்கள்’ என்று சொல்லி, தலை அசையாதபடி கையால் தடுப்பார்கள். ஐந்து விநாடி தள்ளல், பிறகு தளர்வு, அதன் பின் கழுத்து இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போகும். இப்படி மூன்றிலிருந்து ஐந்து முறை. பலரும் இங்கே முழுப் பலத்தோடு தள்ளுகிறார்கள். அப்போது சுற்றியுள்ள பெரிய தசைகள் எல்லாம் சேர்ந்து இறுகி, தளர வேண்டிய சிறு தசைக்குப் பயன் போய்ச் சேர்வதில்லை. லேசாகத் தள்ளினால் போதும்.

கீழ்முதுகு வலிக்கு இம்முறைகள் உதவும் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. மண்டையோட்டு எலும்புகளையும் வயிற்று உறுப்புகளையும் தொட்டுச் செய்யும் முறைகளுக்கு ஆதாரம் பலவீனம். ஆஸ்துமா, சர்க்கரை நோய் போன்றவற்றைக் குணமாக்குவோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

சிகிச்சைக்குப் பிறகு 24 முதல் 48 மணி நேரம் உடம்பு அடித்துப்போட்டது போல் வலிப்பது சகஜம். வெந்நீர் ஒத்தடம், சாதாரண நடை போதும். படுத்தே கிடக்க வேண்டாம். சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை வீட்டில் செய்யாவிட்டால் மேசையில் கிடைத்த தளர்வு நிலைக்காது. மூன்று நான்கு அமர்வுகளில் குனிவது, நடப்பது, தூங்குவது எதிலுமே முன்னேற்றம் இல்லையென்றால் காரணத்தை மறுபடி ஆராய வேண்டும். முதல் நாளே 20 அமர்வுக்குப் பணம் கட்டச் சொல்வதும், ‘எலும்பு திரும்பத் திரும்ப விலகும், மாதாமாதம் வாருங்கள்’ என்று பயமுறுத்துவதும் தவறு.

கழுத்தை வேகமாகத் திருகும் முறையில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். எலும்பு பலவீனம், முடக்குவாதம், எலும்புக்குப் பரவிய புற்றுநோய், உறைதடுப்பு மருந்து ஆகியவை உள்ளவர்களுக்கு அதைச் செய்யக்கூடாது. மற்றவர்களுக்கும், அரிதாக என்றாலும், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வர வாய்ப்புண்டு. செய்வதற்கு முன் இதை விளக்கி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்குப் பதிலாகச் செய்ய மென்மையான முறைகள் இருக்கின்றன. இதுவரை அறியாத கடுமையான கழுத்துவலியோ தலைவலியோ திடீரென்று வந்திருந்தால், அந்த நிலையில் கழுத்தைத் தொடவே விடாதீர்கள். சிகிச்சைக்குப் பிறகு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் மரமரப்பு வந்தால் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முதுகுவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது ஆகியவற்றுக்கும் அதே அவசரம்தான். தண்டுவடத்தின் அடிநரம்புக் கற்றை நசுங்கும்போது வரும் அறிகுறிகள் இவை. மறுநாள் காலை வரை பொறுத்துப் பார்த்தால் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு நிரந்தரமாகவே போய்விடக்கூடும்.