பிஸ்கட் டின்னில் இருந்த உறுதி

திருகோணமலையில் காணி வழக்குகள் பார்க்கும் எனக்குப் பயமூட்டும் வேதாகம வசனம் ஒன்று உண்டு: "பழிவாங்குதல் எனக்குரியது" என்று கர்த்தர் சொல்வது. வசனத்தில் பிழையில்லை. அதைச் சொல்லிக்கொண்டே வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களின் கோப்பைத் திறக்கும்போதுதான் பயம்.

நிலாவெளிப் பக்கத்து அம்மா ஒருவர் பிஸ்கட் டின்னோடு வந்தார். (ஆளைத் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உள்ளே பொலித்தீனில் சுற்றிய தகப்பனாரின் காணி உறுதி (உரிமைப் பத்திரம்), மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்ட நில அளவைப் படம், ஜெபக்கூட்டத் துண்டுப்பிரசுரங்கள். 1990இல் இடம்பெயர்ந்தபோது இந்த டின்னைத்தான் முதலில் தூக்கினாராம். ஊர் திரும்பிய பிறகு, அயலவர் வேலியை இவருடைய காணிக்குள் தள்ளிப் போட்டிருக்கிறார்.

"எப்போது அம்மா?"

விரல்களை மடித்து எண்ணினார். பதினொரு வருடம்.

"கர்த்தர் நியாயம் செய்வார் என்று விட்டுவிட்டேன் ஐயா."

இலங்கைச் சட்டத்தில் பத்து வருடம் பெரிய எண். தனியார் காணியைப் பிறர் ஒருவர் இடையூறின்றி, உரிமையாளரை ஏற்காமல், பத்து வருடம் ஆண்டுவிட்டால் அவரே உரிமை கோரலாம். பொலிசில் முறைப்பாடு போட்டிருப்பதால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். முறைப்பாடு சாட்சியாக உதவும். ஆண்டுக்கணக்கை நிறுத்த நம்பக்கூடியது நீதிமன்றில் தாக்கலாகும் வழக்குதான். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கோ அவகாசம் இன்னும் குறைவு. சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்கில், 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் காணியின் ஆட்சியை (கைவசத்தை) திரும்பப் பெற, வெளியேற்றப்பட்ட இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றுக்குப் போகவேண்டும். பணமில்லை என்பவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அந்த அம்மாவிடம் நான் பிரசங்கம் செய்யவில்லை. ஆனால் வேதத்தை அவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்று தோன்றியது. பழிவாங்குதல் பற்றி ரோமருக்கு எழுதிய அதே பவுல், பிற்பாடு செசரியாவில் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசனிடம் மேன்முறையீடு செய்தவர். லூக்கா 18இல் வரும் விதவை வீட்டில் அழுதுகொண்டிருக்கவில்லை; தேவனுக்குப் பயப்படாத நியாயாதிபதியிடமே நியாயம் கேட்டுப் போய்ப் போய் நின்றாள். நாபோத்தின் திராட்சத்தோட்டம் போனது அரசனின் முத்திரையிட்ட நிருபங்களாலும் இரண்டு பொய்ச் சாட்சிகளாலும். கள்ள உறுதிக் கோப்பு வரும்போதெல்லாம் அந்தச் சதியைச் செய்த அரசி யேசபேலின் நினைவு எனக்கு வரும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது எரேமியா 32. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் தகப்பனுடைய சகோதரரின் மகனிடம் ஆனதோத் ஊர் நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார்! எப்படி வாங்குகிறார் என்பதைத்தான் உறுதி எழுதும் நொத்தாரிசுத் தொழிலில் உள்ளவன் கவனிப்பான். வெள்ளியைத் தராசில் நிறுக்கிறார். பத்திரம் எழுதப்படுகிறது, சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. நெடுநாள் இருக்கும்படி இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்ற வாக்கை நம்பியவர், பத்திரத்தையும் பத்திரப்படுத்தினார்.

இதைச் சொன்னபோது அந்த அம்மா சிரித்தார். "எனக்குப் பானை இல்லை ஐயா, டின்தான்."

டின்னை முழுதாகக் கொட்டிப் பார்த்தோம். துண்டுப்பிரசுரங்களுக்கு நடுவில் கொப்பித்தாள் ஒன்று. மாடு புகாமலிருக்க வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதாகவும், கேட்கும்போது எடுத்துவிடுவதாகவும் அயலவர் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அனுமதியோடு இருப்பவரின் ஆட்சி எதிரான ஆட்சியாகாது; பத்து வருடக் கணக்கைத் தொடங்கவே அவர் முதலில் அந்த அனுமதியை வெளிப்படையாக மறுத்திருக்கவேண்டும். இத்தனை வருடமும் அந்தத் தாளை வெறும் கடதாசி என்றே அந்த அம்மா நினைத்திருந்தார்.

காணிப் பதிவகத்தில் தோம்பு (காணியின் பதிவேட்டுப் பிரதி) எடுத்து, வழக்குத் தாக்கல் செய்தோம். வழக்கு விசாரணை இன்னும் தொடங்கவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் அந்த டின்னோடுதான் வருகிறார். பிரதி போதும் என்று சொல்லியும் கேட்பதில்லை.