குக்கி ஏன் இட்லி ஆனது?

ஒஹையோ மாநிலம் கொலம்பஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் வகுப்பில் இலையுதிர்கால விருந்தாம். "எப்போதும் செய்யும் ஓட்ஸ் குக்கி நன்றாகப் பரந்து, ஓரம் மொறுமொறுவென்று வரும். ஊரே பூசணி மயமாக இருக்கிறதே என்று இந்த முறை இரண்டு முட்டைக்குப் பதில் ஒரு கப் பூசணி விழுது சேர்த்தேன். உருட்டி வைத்தது அப்படியே உருண்டையாக நின்றுவிட்டது. வெந்திருக்கிறது, ஆனால் அது குக்கி இல்லை, பழுப்பு நிற இட்லி. இன்னும் ஐந்து நிமிடம் ஓவனில் வைத்திருந்தால் சரியாகியிருக்குமா?"

ஆகியிருக்காது. காய்ந்த இட்லி ஆகியிருக்கும். தவறு நடந்தது ஓவனுக்குள் இல்லை, மாவு பிசைந்த பாத்திரத்தில்.

முதலில் அந்த டப்பாவைப் பார்ப்போம். அமெரிக்கக் கடைகளில் விற்கும் டப்பாப் பூசணியில் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில், மார்டன் என்ற ஊரைச் சுற்றிய வயல்களிலிருந்து வருகிறது. 2009 இலையுதிர்காலத்தில் அங்கே மழை கொட்டி, டிராக்டர்கள் சேற்றில் சிக்கி அறுவடை கெட்டது. அந்த ஆண்டு நாடு முழுக்கப் பூசணி டப்பாவுக்குத் தட்டுப்பாடு. வாசலில் முகம் செதுக்கி வைக்கும் ஆரஞ்சுப் பூசணி வேறு இனம். டப்பாவுக்குள் இருப்பது தோல் வெளுத்த, சதை கெட்டியான டிக்கின்சன் என்ற வகை. நம் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் பரங்கிக்காயும் அதுவும் ஒரே இனம்.

எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் அந்த விழுதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர்தான். ஒரு கப் என்பது 245 கிராம். அதில் 220 கிராம் தண்ணீர். நீங்கள் விட்டுவிட்ட இரண்டு முட்டையில் இருந்ததோ 75 கிராம். ஆக மாவுக்குள் மூன்று மடங்கு தண்ணீர் போயிருக்கிறது. கரண்டியில் எடுத்தால் வழியாத பொருளைத் தண்ணீர் என்று யார் நினைப்பார்கள்?

சரி, தண்ணீர் கூடினால் மாவு இளகி இன்னும் நன்றாகத்தானே பரவ வேண்டும்? நடந்தது நேர்மாறு. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு சின்னச் சோதனை. 100 மில்லி தண்ணீரில் 200 கிராம் சர்க்கரையைப் போட்டு, முழுவதும் கரையும்வரை கிளறுங்கள். பொறுமை வேண்டும். கரைந்த பிறகு அளந்தால் 225 மில்லி பாகு இருக்கும். ஊற்றிய தண்ணீர் 100, கையில் இருக்கும் திரவம் 225. வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும்: அரை டம்ளர் தண்ணீர்தான் விட்டிருப்போம், கட்டி வெல்லம் கரைந்ததும் பாத்திரம் நிறையும். கரையும் சர்க்கரை, தானே திரவத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இப்போது உங்கள் வழக்கமான குக்கிக்கு வருவோம். சர்க்கரை ஒன்றரை கப், அதாவது ஏறத்தாழ 300 கிராம். முட்டையிலும் வெண்ணெயிலும் சேர்த்துத் தண்ணீர் 110 கிராம் அளவுக்குத்தான். அறை வெப்பத்தில் அத்தனை சர்க்கரையும் அதில் கரையாது. ஒரு பங்கு மணல் மாதிரி மாவுக்குள் காத்திருக்கும். சூடு ஏற ஏற அதுவும் கரையும். 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் 200 கிராம் சர்க்கரையைத்தான் கரைக்கும். கொதிநிலைக்கு அருகில் 480 கிராமுக்கு மேல் கரைக்கும். ஆக, ஓவனுக்குள் போன பிறகுதான் மாவுக்குள் பாகின் அளவு கூடுகிறது. வெண்ணெயும் உருகுகிறது. உருண்டை சரிந்து தட்டில் பரவுகிறது.

அதே நேரத்தில் மைதாவுக்குள் இருக்கும் மாவுச்சத்து என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. நிறையத் தண்ணீர் கிடைத்தால் கோதுமை மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டியே வீங்கிக் கூழாக ஆரம்பிக்கும். குக்கியில் சர்க்கரை முந்திக்கொண்டு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால், கூழாவதற்குத் தேவையான வெப்பநிலை எங்கோ மேலே போய்விடுகிறது. குக்கியின் நடுப்பகுதி அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. அதனால் நாம் ருசித்துச் சாப்பிடும் குக்கிக்குள் மாவுச்சத்துத் துகள்கள் பெரும்பாலும் வேகாமல் அப்படியே கிடக்கின்றன.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். தளவிளைவு நுண்ணோக்கியில் (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவைத்துப் பார்க்கும் கருவி) வேகாத மாவுச்சத்தை வைத்தால், இருட்டுக்கு நடுவே ஒவ்வொரு துகளும் மின்னும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கறுப்புக் கூட்டல் குறி இருக்கும். துகளுக்குள் மூலக்கூறுகள் ஆரம் ஆரமாக ஒழுங்காக அடுக்கியிருப்பதன் அடையாளம் அது. வெந்து கூழானால் அடுக்கு குலைந்து குறி மறைந்துபோகும். நான் படித்த கல்லூரியில் அப்படி ஒரே ஒரு கருவி இருந்தது. அதுவும் பீரோவில் பூட்டு. ஒரு சனிக்கிழமை, சாவி வைத்திருந்தவர் நல்ல மனநிலையில் இருந்தபோது, உருளைக்கிழங்கைச் சீவிய கத்தியில் ஒட்டிய வெள்ளைப் பாலை வைத்துப் பார்த்தேன். கருவியின் மேடையைத் திருப்பத் திருப்ப, துகள்கள் சுற்றினாலும் ஆயிரம் சின்னச் சிலுவைகளும் திசை மாறாமல் நின்றன. கேக் துணுக்கை வைத்தால் சிலுவைகளைக் காண்பதே அரிது. பிஸ்கட் துணுக்கில் கொத்துக்கொத்தாகத் தெரியும். கேக்குக்கும் குக்கிக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டிவிட முடியாது.

இனி உங்கள் இட்லி. பூசணியின் 220 கிராம், வெண்ணெயின் 36 கிராம், மொத்தம் 256 கிராம் தண்ணீர். 300 கிராம் சர்க்கரையும் பாத்திரத்திலேயே கரைந்து தீர்ந்துவிட்டது. ஓவனில் புதிதாகப் பாகு ஊற வழியில்லை. சர்க்கரை பிடித்தது போக மிச்சமிருக்கும் தண்ணீருக்கு மூன்று பேர் போட்டி. ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து உறிஞ்சி வழவழப்பாகிறது (ஓட்ஸ் கஞ்சி ஆறினால் ஏன் கெட்டியாகிறது என்று நினைத்துப் பாருங்கள்). மைதாவின் புரதம் ஈரம் பட்டுக் குளூட்டன் வலையாகிறது. மாவுச்சத்து எண்பது சொச்சம் டிகிரியில் கூழாகி, சோடா விட்ட வாயுவைச் சுற்றிச் சுவர் கட்டிவிடுகிறது. சுவர் எழும்பிய பிறகு எங்கே பரவுவது? இட்லித் தட்டில் நடப்பதும் இதேதான், அதனால் உங்கள் உவமை வெறும் கேலி இல்லை.

உங்கள் ஊரிலிருந்து வண்டியில் ஒன்றரை மணி நேரத்தில் ஊஸ்டர் வரும். அங்கே அமெரிக்க வேளாண் துறைக்கு மென்கோதுமை ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அங்குள்ளவர்கள் குக்கி சுட்டு, அதன் விட்டத்தை அளக்கிறார்கள். அகலமாகப் பரந்தால் அந்தக் கோதுமை ரகம் பிஸ்கட்டுக்கு நல்லது. பரவாவிட்டால் அந்த மாவு தண்ணீரை அதிகம் இழுக்கிறது என்று பொருள். நபிஸ்கோ பிஸ்கட் நிறுவனத்தில் வேலை பார்த்த லூயிஸ் ஸ்லேடும் ஹாரி லெவினும் இதற்குத் துணையாக இன்னொரு சோதனையைக் கொண்டுவந்தார்கள். மாவைத் தண்ணீர், சர்க்கரைக் கரைசல், சோடியம் கார்பனேட் கரைசல், லாக்டிக் அமிலம் என நான்கில் தனித்தனியாக ஊறவைத்து, எதை எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று எடை போடுவது. மாவுக்குள் தண்ணீர் இழுக்கும் ஆள் யார் என்று அதில் அகப்படும்.

"வரிப்பணத்தில் குக்கி சுடுகிறார்களா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிப்பதில்லை. எந்த மாதம் எந்தக் கடையில் வாங்கினாலும் மாவு ஒரே மாதிரி நடந்துகொள்வது தானாக நடப்பதில்லை. நம் ஊரில் எந்த நெல் ரகம் இட்லிக்கு, எது முறுக்குக்கு என்று பாட்டிமார் சொன்னதை இதே பொறுமையோடு அளக்க ஒருவர் நிதி கேட்டால், கோப்பு எத்தனை மேசையில் தூங்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கடிதத்தின் கடைசி வரியில் இன்னொரு கேள்வி: நன்றாக வந்த குக்கிகூட மறுநாள் டப்பாவில் நமுத்துப்போகிறதே, ஏன்? குக்கி ஆறும்போது அதிலுள்ள சர்க்கரைப் பாகு படிகமாகாமல் கண்ணாடி போல உறைகிறது. மொறுமொறுப்பு என்பது அந்தக் கண்ணாடி உடையும் சத்தம். கொஞ்சம் ஈரம் புகுந்தால் போதும், கண்ணாடி நிலை போய் ரப்பர் நிலை வந்துவிடும். ஆடி மழையில் அப்பளம் நமுப்பதும் இதே கதைதான், அங்கே கண்ணாடியாக இருப்பது சர்க்கரை அல்ல, மாவுச்சத்து. குக்கிக்கு ஈரம் வெளியிலிருந்து வரவேண்டும் என்றுகூட இல்லை. ஈரமான நடுப்பகுதியே காய்ந்த ஓரத்துக்குக் கொடுத்துவிடும். தேனோ வெல்லமோ சேர்த்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். உலர்ந்த வெள்ளைச் சர்க்கரையின் கண்ணாடி 60 டிகிரிக்கு மேல்தான் இளகும். பழச்சர்க்கரையுடையது 5 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். தேனில் பழச்சர்க்கரை நிறைய, வெல்லத்திலும் கொஞ்சம் உண்டு.

போகிற போக்கில் ஒன்று. வாசலில் முகம் செதுக்கிய பூசணி பேயை விரட்டும் என்பது அயர்லாந்திலிருந்து போன வழக்கம். அங்கே முதலில் செதுக்கியது டர்னிப்பை. நாம் திருஷ்டிக்கு வெண்பூசணியை நடுரோட்டில் உடைக்கிறோம். பேய் எப்படியோ, ஆயுத பூஜைக்கு மறுநாள் பைக்கில் வழுக்கி விழுந்து முழங்கை தேய்ந்தவன் என்ற முறையில் எனக்கு அவர்கள் வழக்கமே மேல் என்று படுகிறது. வாசல் படியோடு நின்றுவிடுகிறதே.

இனி செய்ய வேண்டியது. விழுதை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, 245 கிராம் பாதியாகும்வரை பிழியுங்கள். அல்லது வாணலியில் சின்னத் தீயில், நிறம் அடர்ந்து வரும்வரை கிளறுங்கள். வாசனைக்கு இதுதான் மேல். தண்ணீர் 100 கிராமுக்கு இறங்கும், வெண்ணெயோடு சேர்த்தால் பழைய கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். முட்டை சேர்ப்பதென்றால் மஞ்சள் கரு ஒன்று மட்டும். அப்படியும் பூசணியின் நார் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முழுதாகப் பரவாது. வடை தட்டுவது போல உள்ளங்கையால் அமுக்கி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வையுங்கள். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள்.

பிழிந்தால் சத்தெல்லாம் போய்விடுமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது, அது துணிக்குள்தான் இருக்கும். வெளியே வரும் வெளிறிய நீரை அன்றைய சாம்பாரில் விட்டுவிடுங்கள்.