கணக்கிலிருந்து தானாகப் போகும் பணம்: மேண்டேட் போடுவதும் நிறுத்துவதும்

போன வருஷம் ஜூன் தொடக்கத்தில் அம்மாவின் இரண்டு பாஸ்புக்கையும் என்ட்ரி போட்டு வாங்கி வந்தேன். இரண்டிலும் மே கடைசி வாரத்தில் 436 ரூபாய் போயிருந்தது. ஒன்று நூறு நாள் வேலைச் சம்பளத்துக்காகத் திறந்த கணக்கு, மற்றது மகளிர் குழுவுக்காகத் திறந்தது; இரண்டு இடத்திலும் கவுன்ட்டரில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேரும் தாள் அது. ஒருவர் ஒரு கணக்கு வழியாகத்தான் இதில் சேர முடியும், இரண்டில் பிரீமியம் போனாலும் காப்பீடு 2 லட்சம்தான், கூடுதலாகப் போன பிரீமியம் திரும்ப வராமல் போகலாம் என்று திட்ட விதியிலேயே இருக்கிறது. அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

ஒருமுறை கொடுத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு மாதாமாதமோ வருஷா வருஷமோ வங்கி தானாகப் பணத்தை எடுத்துக் கொடுப்பதுதான் ஆட்டோ டெபிட். அந்தச் சம்மதத்துக்குப் பெயர் மேண்டேட். வீட்டுக்கடன் ஈஎம்ஐ, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபி, எல்ஐசி பிரீமியம், ஓடிடி சந்தா எல்லாமே இப்படித்தான் போகின்றன, பாதை மட்டும் வேறு வேறு. கடன் தவணையும் எஸ்ஐபியும் பெரும்பாலும் நாச் (NACH) வழியாகப் போகும்; யூபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனமே வங்கிகளுக்கு இடையே நடத்தும் ஆட்டோ டெபிட் ஏற்பாடு அது. இதற்குத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், அல்லது நெட்பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார் ஓடிபி என்று ஏதாவது ஒன்றில் ஆன்லைனிலேயே முடிக்கலாம். சின்னச் சந்தாக்கள் யூபிஐ ஆட்டோபே வழியாகவோ கார்டு வழியாகவோ போகும்.

மேண்டேட் போடும்போது திரையில் வருவதை முழுசாகப் படியுங்கள், முக்கியமாகத் தொகையை. மாதம் 2,000 ரூபாய் எஸ்ஐபி போட உட்கார்ந்தால் மேண்டேட்டில் 25,000 என்றோ 1 லட்சம் என்றோ காட்டும், பலர் அங்கேயே பயந்து மூடிவிடுகிறார்கள். அது மாதாமாதம் போகும் தொகை இல்லை, ஒரு தடவையில் அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்கிற வரம்பு. பிறகு எஸ்ஐபியைக் கூட்டினால் திரும்ப மேண்டேட் போட வேண்டாமே என்று பெரிதாக வைக்கிறார்கள். ஆனால் ஜிம்முக்கும் ஓடிடிக்கும் அவ்வளவு பெரிய வரம்பு எதற்கு? அங்கே சந்தாவை ஒட்டிய தொகை இருந்தால் போதும். அப்புறம் முடிவுத் தேதியைப் பாருங்கள். மூன்று வருஷக் கடனுக்கு இருபது வருஷ மேண்டேட் என்று இருந்தால் ஏன் என்று கேட்காமல் ஓடிபியைத் தட்டாதீர்கள்.

கார்டு, வாலட், யூபிஐ மூன்றுக்கும் ரிசர்வ் வங்கி விதி ஒன்று வைத்திருக்கிறது, கார்டுகளுக்கு 2021 அக்டோபர் 1 முதல் கறாராக அமலில் இருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும், வேண்டாம் என்றால் அப்போதே அந்தத் தடவையை நிறுத்த வழி இருக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபியோ பின்னோ கேட்பார்கள். மியூச்சுவல் ஃபண்டு, இன்சூரன்ஸ் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் இவற்றுக்கு மட்டும் இந்த வரம்பு 1 லட்சம். இந்த வசதிக்காக உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. விளம்பர எஸ்எம்எஸ் குவியலில் அந்த முன்தகவல் புதைந்துபோவதுதான் நடக்கிறது, அதனால் 'டெபிட்' என்ற சொல் வரும் மெசேஜை மட்டுமாவது திறந்து பாருங்கள்.

நாச் வழியாகப் போகும் ஈஎம்ஐக்கு இந்த 24 மணி நேர விதி பொருந்தாது. கடன் கொடுத்தவர் மெசேஜ் அனுப்பினால் சரி, அனுப்பாவிட்டாலும் தேதி வந்தால் பணம் எடுப்பார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து நாச் ஞாயிறு, பண்டிகை என்று பார்க்காமல் எல்லா நாளும் ஓடுகிறது. 5-ஆம் தேதி ஞாயிறு, திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. முந்தின நாள் சாயங்காலமே பணம் இருக்க வேண்டும், காலை பத்து மணிக்குப் போடலாம் என்று நினைத்தால் விடியும் முன்பே பவுன்ஸ் ஆகியிருக்கும்.

பவுன்ஸ் ஆனால் அடி இரண்டு பக்கமும் விழும். உங்கள் வங்கி சில நூறு ரூபாயும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும், கடன் கொடுத்தவர் தன் பங்குக்குத் தனியாகப் போடுவார், தவணை தாமதமானால் சிபில் ஸ்கோரும் இறங்கலாம். பலருக்குத் தெரியாத இன்னொன்று: செக் பவுன்ஸ் ஆனால் கேஸ் போடுகிற மாதிரியே இதற்கும் போடலாம். 2007-ஆம் வருஷத்துப் பணம்செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவில், கணக்கில் பணமில்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால் இரண்டு வருஷம் வரை சிறையோ, தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ என்று இருக்கிறது. பவுன்ஸ் ஆன மறுநாளே போலீஸ் வராது. முதலில் 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும், அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் கேஸ் போட முடியாது. வசூல் ஏஜென்ட் போனில் 'நாளைக்கு வாரன்ட்' என்று மிரட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

நிறுத்துவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். போனிலிருந்து ஆப்பை டெலிட் செய்தால் மேண்டேட் சாகாது. யூபிஐ என்றால் பணம் அனுப்பும் ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குள் போய் ரத்து என்று கொடுத்துப் பின்னைப் போட வேண்டும். கார்டு என்றால் வங்கியின் தளத்தில் மேண்டேட் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். நாச் என்றால் நெட்பேங்கிங்கில் பாருங்கள், இல்லாவிட்டால் கிளைக்குப் போய்க் கடிதம் கொடுங்கள். ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் யூஎம்ஆர்என் என்று 20 எழுத்து எண் இருக்கும், கடிதத்தில் அதை எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் எடுக்கும் தேதிக்கு நாலைந்து நாள் முன்னாலேயே செய்துவிடுவது நல்லது. ஆனால் கடனுக்கான மேண்டேட்டை ரத்து செய்தால் கடன் ரத்தாகாது, தவணையை வேறு வழியில் கட்டித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் சம்மதமே கொடுக்காமல் பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கு எழுத்தில் சொல்லுங்கள், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். 30 நாளில் பதில் வரவில்லை, வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் போடலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

அம்மா விஷயத்தில் எழுத்தில் சம்மதம் இருந்ததால் புகாருக்கு இடமில்லை, கூடுதலாகப் போன அந்த 436 ரூபாய் திரும்பி வரவில்லை. இந்தக் காப்பீட்டுக்கு மே 25-இலிருந்து 31-க்குள் பணம் எடுப்பார்கள் என்பதால், ஏப்ரலிலேயே மகளிர் குழுக் கணக்குக்கான கடிதத்தைக் கொடுத்துவிட்டோம். வாங்கிக்கொண்டவர் நகலில் சீல் எதற்கு என்று கேட்டார். அம்மாதான் விடவில்லை, நின்று வாங்கிக்கொண்டு வந்தார்.